கேட்டைத் தாண்ட வேண்டிய பை

பை தைத்து விற்கிறவளுக்கு நிம்மதியான ரயில் பயணம் என்று ஒன்று கிடையாது. எதிர் சீட்டில் இருப்பவர் சிரிக்கிறாரா, அழுகிறாரா என்று கண் பார்க்காது. அவர் மடியில் இருக்கும் பையின் வார் எந்த இடத்தில் பிரியப் போகிறது என்றுதான் பார்க்கும். பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வரவும் எனக்குத் தெரியாது. ஒருமுறை மீஞ்சூரில் ஏறிய ஒருவரிடம், "சார், வார் தையல் விட்டுடுச்சு, நீங்க இறங்கறதுக்குள்ள அறுந்துடும்" என்றேன். "உன் வேலையைப் பாரும்மா" என்றார். "இதுதான் சார் என் வேலை" என்றேன். திருவொற்றியூர் வருவதற்குள் வார் அறுந்தது. கீழே விழுந்த சாமான்களை விட்டுவிட்டு அவர் என்னைத்தான் முறைத்தார்.

ஏதாவது ஒன்றைக் கையால் செய்து நாலு பேருக்கு விற்றுப் பிழைக்கிறவர்களுக்கு இந்த முறைப்பு புதிதில்லை. சரியாகச் சொன்னாலும் திட்டு, தப்பாகச் செய்தாலும் திட்டு. அந்த வகையில் நீங்களும் நானும் ஒரே கட்சி. அந்தத் தைரியத்தில்தான் இதையெல்லாம் உங்களிடம் சொல்கிறேன்.

வெள்ளைத் துணி

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் கடைசியில், லாரி ஷெட்டுக்கும் டீக்கடைக்கும் நடுவில் எங்கள் தகரக் கொட்டகை. நானும் மேரியும் இன்னும் சில பெண்களும் அங்கே தைக்கிறோம். நானும் மேரியும் முன்பு ஒரே எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக் காலர் தைத்தவர்கள். வாழ்நாள் முழுக்க காலர் மட்டுமே தைப்பது என்று எங்கள் ஜாதகத்தில் எழுதவில்லை என்று முடிவு செய்து வெளியே வந்தோம்.

நாங்கள் தைப்பது ஒரே ஒரு மாடல். தோளில் குறுக்காக மாட்டிக்கொள்ளும் மூடி போட்ட பை. துணி, கார்களில் வைக்கும் ஏர்பேக் செய்யும் வெள்ளைத் துணி. பக்கத்திலுள்ள ஒரு கார் பாகங்கள் கம்பெனியில் வெட்டியது போக மிஞ்சுவதும், நெசவில் கோடு விழுந்து தள்ளுபடி ஆவதும் பழைய சாமான் வியாபாரி மூலமாக எங்களிடம் வரும். தோள் வார், தள்ளுபடியான சீட் பெல்ட் பட்டை. மழை உள்ளே இறங்காது, முள்ளில் இழுத்தாலும் கிழியாது, எடையோ சொல்லவே வேண்டாம். டிபன் பாக்ஸை வெளியே எடுத்துவிட்டால் பை தோளில் இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். வார் தாங்குமா என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வரும். ஓடுகிற காரில் ஒரு ஆளையே இழுத்துப் பிடிக்கிற பட்டைங்க அது, உங்கள் சாம்பார் சாதத்தைப் பிடிக்காதா?

பை நன்றாக இருந்தது. வியாபாரம்தான் இல்லை. ஒன்றிரண்டாக விற்பதில் ஷெட் வாடகைக்கே மூச்சு வாங்கியது. பெரிய ஆர்டர் ஒன்று ஆயுதபூஜைக்குள் வராவிட்டால் ஷெட்டைக் காலி செய்துவிட்டு, நானும் மேரியும் பழையபடி காலர் தைக்கப் போக வேண்டியதுதான். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. துணி வருகிற அதே கம்பெனிக்கே போய் நின்றேன். அங்கே பர்மனென்ட் தொழிலாளர்களுக்கு ஆயுதபூஜைக்கு ஒரு பரிசு தருவார்கள். போன வருஷம் ஹாட்பாக்ஸ். அதற்கு முந்தைய வருஷமும் ஹாட்பாக்ஸ். "உங்க துணி, சார். குப்பைக்குப் போகாம உங்க ஆளுங்க தோளுக்கே திரும்பி வருது" என்று ஹெச்.ஆர். மேனேஜர் மேசையில் பையை வைத்தேன். அவருக்குப் பிடித்துவிட்டது. சுற்றுச்சூழல், மறுசுழற்சி என்று நோட்டீஸ் போர்டில் எழுத நல்ல விஷயம் ஆயிற்றே. கொஞ்சம் சாம்பிள் பைகளை வாங்கி வைத்துக்கொண்டு சொன்னார்:

"நம்ம பர்மனென்ட் ஆளுங்க ஒரு மாசம் யூஸ் பண்ணிப் பார்க்கட்டும் மேடம். அவங்க ஓகேன்னா நானும் ஓகே."

தொழிலாளியின் தீர்ப்பு

முதல் தீர்ப்பு ஏழுமலையிடமிருந்து வந்தது. அந்தக் கம்பெனியின் கட்டிங் செக்‌ஷனில் பல வருஷமாக இருப்பவர். ஷெட்டுக்குப் பக்கத்து டீக்கடையில்தான் ஷிப்டு முடிந்து நிற்பார். கையில் பழைய ரெக்சின் பை. நான் கொடுத்தனுப்பிய பையைக் காணோம்.

"என்னண்ணா, பை சரியில்லையா?" என்று கேட்டேன். பை அருமை என்றார். வார் அருமை, மூடி அருமை, தையலில் குறையே இல்லை. அப்புறம் என்ன என்றால், டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு, மாமியார் வீட்டுக் குறையைச் சொல்கிறவர் மாதிரி குரலைத் தாழ்த்தினார். பையைத் தன் மச்சான் சேகருக்குக் கொடுத்துவிட்டாராம். சேகரும் அதே கம்பெனிதான், ஆனால் கான்ட்ராக்ட். மெஷினிலிருந்து துணி ரோலை இறக்கி ஏற்றுகிற வேலை. தனக்கு ஏன் வேண்டாம் என்பதற்கு ஏழுமலை சொன்ன காரணத்தை எந்தப் பை டிசைனராலும் சரிசெய்ய முடியாது:

"எட்டு மணி நேரம் இந்தத் துணி மூஞ்சிலதாம்மா முழிக்கிறேன். ஊட்டுக்கும் இத்தயே தூக்கினு போவணுமா?"

பெரியபாளையத்துச் சேவல்

சேகர் அந்தப் பையை முதலில் எடுத்துக்கொண்டு போனது வேலைக்கு அல்ல, பெரியபாளையத்து அம்மனுக்கு. ஆடி மாத ஞாயிறு. மனைவி வேப்பிலை கட்டி வலம் வருவதாக வேண்டுதல். புதுவாயலில் திரும்பி ஆரணி வழியாக மோட்டார் சைக்கிளில் குடும்பத்தோடு போயிருக்கிறார். பின்னால் மனைவிக்கு ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் வேப்பிலைக் கட்டு. நேர்ந்துவிட்ட சேவலுக்குக் கை இல்லை. நம்ம பை எதற்கு இருக்கிறது?

நான் அந்தப் பையைப் பற்றி எழுதி வைத்த பெருமைகளில் லேப்டாப் உண்டு, தண்ணீர் பாட்டில் உண்டு, குடை உண்டு. சேவல் இல்லை. செவ்வாய்க்கிழமை அவர் ஷெட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது மேரி ஊசியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பையை வாங்கி உள்பக்கத்தைப் புரட்டி, நகம் பட்ட இடமெல்லாம் விரல் வைத்துத் தேடினேன். ஒரு நூல் எழும்பவில்லை. கழுவின வாசனை மட்டும்தான். கர்வத்தில் என் கழுத்து நீண்டுவிட்டது. சேகர் அந்தக் கர்வத்துக்கு எண்ணெய் ஊற்றினார்:

"தலைய மட்டும் வெளிய உட்டுக்கினு ஆரணி வரிக்கும் பிறாண்டி பிறாண்டிப் பாத்துச்சுக்கா. அப்பாலிக்கா அதுவே தூங்கிடுச்சு. பைதான் ஜெயிச்சது."

பறந்துபோன நாரை

ஹெச்.ஆர். சாரும் ஒரு சாம்பிள் வைத்திருந்தார். அவர் சென்னையிலிருந்து வருகிறவர். வாரத்தில் பேண்ட் சட்டை, ஞாயிற்றுக்கிழமை அரைக்கால் டவுசர், கழுத்தில் கேமரா. பழவேற்காடு ஏரிக்குப் போய்ப் பறவைகளைப் படம் எடுக்கிற பைத்தியம். திங்களிலிருந்து வெள்ளி வரை லேப்டாப், ஞாயிற்றுக்கிழமை லென்ஸ் என்று ஒரே பையில் இரண்டு வாழ்க்கையும் அடங்கியதில் அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். அந்தச் சந்தோஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையோடு தீர்ந்தது.

சீசன் இல்லாத நேரத்தில் நாரைக் கூட்டம் ஒன்று கரைக்குப் பக்கத்திலேயே வந்து இறங்கியிருக்கிறது. சார் சேற்றில் தவழ்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பெரிய லென்ஸை எடுக்கப் பையின் மூடியைத் தூக்கியிருக்கிறார். எங்கள் மூடியில் வெல்க்ரோ. நாங்கள் எதையும் அரைகுறையாக வைக்கிற வழக்கம் இல்லை. அகலமான, உறுதியான வெல்க்ரோ. கர்ர்ர் என்று அது பிரிந்த சத்தம் ஆந்திரா பார்டர் வரை கேட்டிருக்கும். திங்கட்கிழமை காலை எனக்கு வந்த போனில் வணக்கம் இல்லை:

"பையைத் திறந்தேன் மேடம். ஒரு செகண்ட்ல மொத்த ஏரியும் காலி."

பேசின் பிரிட்ஜில் ஒரு கை

வெல்க்ரோவைப் பிடுங்கி எறிந்துவிட்டு காந்தப் பித்தான் வைப்பதாக நான் முடிவே செய்துவிட்டேன். ஆர்டர் கொடுக்கிறவர் கையில்தானே பேனா இருக்கிறது! அந்த நேரம் பார்த்து லலிதா வந்து நின்றாள். கம்பெனி ஸ்டோரில் வேலை, பர்மனென்ட். அவளிடமும் ஒரு சாம்பிள் இருந்தது. செவ்வாப்பேட்டையிலிருந்து வருகிறவள். அங்கே ஒரு ரயில் ஏறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி, கும்மிடிப்பூண்டி வண்டி பிடிக்க வேண்டும். திரும்பும்போதும் அதே கூத்து. ரயிலில் தூங்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் என்பதே இல்லை. நின்றுகொண்டே தூங்குவாள்.

முந்தின நாள் மாலை பேசின் பிரிட்ஜ் நெருங்குகிற கூட்டத்தில் அப்படித் தூங்கிக்கொண்டிருந்தபோது எவனோ பையின் மூடியில் கை வைத்திருக்கிறான். கர்ர்ர். லலிதா கண் விழித்தாள், பக்கத்தில் நின்றவள் கண் விழித்தாள், பெட்டியே கண் விழித்தது. கை வைத்தவன் வண்டி நிற்பதற்குள் கூட்டத்தில் கரைந்துவிட்டான். காந்தப் பித்தான் வைக்கப் போகிறேன் என்று நான் சொன்னதும் அவளுக்கு வந்ததே கோபம்!

ஒரு பக்கம் நாரை, ஒரு பக்கம் லலிதா. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம். கடைசியில் சாம்பிள்களையெல்லாம் திரும்ப வாங்கி, மூடியின் உள்ளே துணியால் ஒரு மடிப்பு வைத்துக் கொடுத்தோம். மடிப்பை விலக்கிவிட்டால் வெல்க்ரோ ஒட்டும், சத்தம் போடும். மடிப்பைப் போர்த்திவிட்டால் சாது. பக்கத்துக் கொக்கி மட்டும் மூடியைப் பிடித்துக்கொள்ளும். ஏரிக்கு ஒரு குணம், ரயிலுக்கு ஒரு குணம். நாலு இடத்தில் பழகுகிற மனுஷன் மாதிரிதானே பையும்? ஆனாலும் லலிதாவுக்கு அந்த மடிப்பின் மேல் கடைசிவரை நம்பிக்கை வரவில்லை:

"கொக்கு பறந்தா நாளைக்கு வரும்க்கா. என் போனு பறந்தா இன்னா பண்றது?"

குந்து நைனா

மாசம் முடியப் போகிற சமயம். பயன்படுத்திய எல்லோரும் நல்லபடியாகச் சொல்லிவிட்டார்கள். மேரி ஆயுதபூஜைக்கு மெஷினுக்குப் புது பெல்ட் மாற்றும் பேச்சை எடுத்துவிட்டாள். சாயங்காலம் ஷிப்டு விடுகிற நேரத்தில் லலிதா போன் செய்தாள். "அக்கா, சேகரை கேட்ல குந்த வெச்சுட்டாங்க."

கம்பெனி வேலை பார்த்தவர்களுக்கு அந்த வார்த்தையின் கனம் தெரியும். ஷிப்டு விடும்போது எல்லோர் பையையும் திறந்து பார்ப்பார்கள். கம்பெனிப் பொருள் எதுவும் பாஸ் இல்லாமல் வெளியே போகக் கூடாது. போனால் திருட்டு. பர்மனென்ட் ஆள் என்றால் விசாரணை, யூனியன், பேச்சுவார்த்தை. கான்ட்ராக்ட் ஆளை கேட் ரூமில் உட்கார வைத்துவிட்டால் மறுநாள் அவன் வேலைக்கு வர வேண்டியதில்லை, அவ்வளவுதான். சேகர் அன்றைக்குத்தான் முதல்முதலாக அந்தப் பையை வேலைக்கு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். ஏழுமலை அன்றைக்கு லீவு. சாம்பிள் பை யார் யாரிடம் இருக்கிறது என்று ஹெச்.ஆரிலிருந்து கேட்டுக்குச் சொல்லியிருந்தார்கள். அதில் சேகர் பெயர் எப்படி இருக்கும்? அதே பையை மாட்டிக்கொண்டு லலிதா ராஜாத்தி மாதிரி வெளியே வந்துவிட்டாள்.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பறந்தேன். கேட் ரூம் பெஞ்சில் சேகர் உட்கார்ந்திருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. மடியில் காலி டிபன் பாக்ஸ். பை மேசை மேல். செக்யூரிட்டி இன்சார்ஜ் முனிரத்தினம் பெரிய மீசைக்காரர், ஊத்துக்கோட்டைப் பக்கம். கேட்டைத் தன் பாட்டன் சொத்தாக நினைக்கிறவர். சேகர் எழுந்திருக்கப் பார்க்கும்போதெல்லாம் "குந்து நைனா, குந்து" என்று அமர்த்திக்கொண்டிருந்தார். நான் படபடவென்று பொரிந்தேன். இது என் பை, என் தையல், இதோ மேரி போட்ட மடிப்பு, துணியைக் காசு கொடுத்து பழைய சாமான் வியாபாரியிடம் வாங்கியிருக்கிறேன், பில் இருக்கிறது. அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். உள்பக்கத்தைப் புரட்டி, வெள்ளைத் துணியின் ஓரத்தில் கம்பெனி நெசவுக் குறியைக் காட்டினார்.

துணி அவர்களுடையது என்பதைத்தானே நான் பெருமையாகச் சொல்லி விற்றுக்கொண்டிருந்தேன்! ஊர் உலகத்துக்கெல்லாம் அது பை. இந்த ஒரு கேட்டில் மட்டும் அது திருட்டுச் சாமான். கும்மிடிப்பூண்டியில் இருக்கிற அத்தனை கம்பெனிகளையும் விட்டுவிட்டு நான் தேடிப் பிடித்தது இந்த வாசலை. முனிரத்தினம் மீசையைத் தடவிக்கொண்டு கேட்டார்:

"தச்சது நீ. துணி யாருது? வெளிய போன ஸ்கிராப்பு போயிடுச்சு, செரி. திரும்பி உள்ள வந்துட்டு மறுபடி வெளிய போனா, அதுக்கு நான் இன்னா பேரு வெக்கிறது?"

எவனைப் பிடிப்பது

ஹெச்.ஆர். சார் இறங்கி வந்தார். கேட்டுக்கு வெளியே கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. விஷயத்தைக் கேட்டதும் முதலில் சேகரைப் போகச் சொன்னார். அதற்காக அவரை நான் இன்றைக்கும் கும்பிடுவேன். ஆனால் அடுத்த வார்த்தையில் ஆர்டரே பறந்துவிட்டது. "இது செட் ஆகாது மேடம். ஆர்டர் போட்டா டெய்லி இந்த பஞ்சாயத்துதான் நடக்கும். நாம பழையபடி ஹாட்பாக்ஸே கொடுத்துடலாம்."

நான் விடவில்லை. பையின் மேல் கம்பெனி பெயரைப் பெரிதாகப் போட்டுத் தருகிறேன் என்றேன். பெயர் போட்டால் இன்னும் மோசம், அப்புறம் சந்தேகமே இல்லாமல் கம்பெனிப் பொருள் என்றார் முனிரத்தினம். சரி, பர்மனென்ட் ஆட்கள் மட்டும்தானே வைத்திருப்பார்கள், அடையாள அட்டையைப் பார்த்து விடலாமே என்றார் சார். முனிரத்தினம் அதற்கும் முடியாது என்று தலையை ஆட்டினார். பர்மனென்ட் ஆள் மச்சானுக்குக் கொடுப்பான், மாமனுக்குக் கொடுப்பான். பாதிப் பேருக்கு இங்கேயே கான்ட்ராக்டில் சொந்தக்காரன் இருக்கிறான். தினம் ஒரு சேகரை உட்கார வைக்க வேண்டும். மாற்று டூட்டிக்கு வருகிற புது வாட்ச்மேனுக்கு யார் முகம் தெரியும்? அவன் கண்ணில் பட்டவனையெல்லாம் உட்கார வைப்பான்.

கதவோரம் இரண்டு வாட்ச்மேன்கள் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களும் சேகரைப் போல கான்ட்ராக்ட், ஏஜென்சி அனுப்பிய ஆட்கள்தான். ஆயுதபூஜை அன்றைக்கு ஹாட்பாக்ஸ்கள் அட்டைப் பெட்டியில் இதே கேட் வழியாக உள்ளே போய், பர்மனென்ட் ஆட்கள் கையில் வெளியே வரும். ஒவ்வொன்றையும் எண்ணி விடுகிறவர்களுக்கு ஒன்றும் கிடையாது. நானும் காலர் தைத்த காலத்தில் கான்ட்ராக்டுதான். தீபாவளி ஸ்வீட் பெட்டி என் மெஷினைத் தாண்டிப் பக்கத்து மெஷினுக்குப் போனதைப் பார்த்தவள்தான். அப்படிப்பட்ட நானே "பர்மனென்ட் ஆட்களுக்கு" என்று சொல்லித்தான் பை விற்றிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தில் வாய் தானாகத் திறந்துகொண்டது. "அப்போ எல்லாருக்கும் கொடுத்துட்டா?" என்று முனிரத்தினத்தைப் பார்த்துக் கேட்டேன்.

சார் பட்ஜெட் என்று ஆரம்பித்தார். ஹாட்பாக்ஸ் விலையில் பாதிதான் என் பை, அந்தக் காசில் உங்கள் கான்ட்ராக்ட் ஆட்கள், கேன்டீன், தோட்டம், கேட் அத்தனை பேருக்கும் வரும் என்றேன். அவர் மனக்கணக்குப் போட்டது முகத்தில் தெரிந்தது. பிறகு முனிரத்தினத்தின் பக்கம் திரும்பி, அப்படிச் செய்தால் கேட்டில் பிரச்சினை வராதா என்று கேட்டார். முனிரத்தினம் மேசை மேலிருந்த பையை எடுத்துத் தன் தோளில் குறுக்காக மாட்டிக்கொண்டு, வாரை இழுத்துச் சரிசெய்து, விறைப்பாக நின்று பார்த்தார். கதவோரம் நின்ற இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை:

"எல்லார் தோள்லயும் தொங்குச்சுன்னா அப்பால திருடன்னு எவன சார் நான் புடிக்கிறது?"

நானும் மேரியும் காலர் தைக்கத் திரும்பிப் போகவில்லை. இத்தனை காலம் தைத்ததில் நான் தெரிந்துகொண்ட தொழில் ரகசியம் ஒன்றே ஒன்றுதான், சக ஜீவன்களே: வாசலைத் தாண்டிப் போக வேண்டிய எந்தப் பொருளையும் வாசலில் நிற்கிறவருக்கும் சேர்த்து வெட்டிவிட்டால், வெல்க்ரோவைத் தவிர வேறு யாரும் சத்தம் போட மாட்டார்கள்.